ஆற்றை உங்களுக்குத் தெரியுமா?

ஆசிரியத் தொழிலுக்கு வருகிறவர் முதன்முதலில் பழகிக்கொள்ளும் காரியம் வகுப்பறைக் கதவைச் சாத்துவதுதான். தெருவின் இரைச்சல் உள்ளே வரக் கூடாது. பிள்ளைகளின் பார்வை வெளியே போகக் கூடாது. நாமும் அப்படித்தான் பழகினோம். அந்தக் கதவைத் திறந்து பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வதற்கும் ஒரு கல்வி உண்டு என்பதை அயல்நாட்டில், காவிரிக் கரையில், ஒரு தகப்பனார் நம்மிடம் கேட்ட ஒரே கேள்வியால் அறிந்துகொண்டோம். அந்தக் கேள்வி இன்றளவும் நம்முடன் இருக்கிறது. பிள்ளைகளைப் பெற்றவர்களும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களும் சேர்ந்து வாசிக்கும் ஏடு இது என்பதால், அதனை இங்கே எழுதி வைக்கத் துணிந்தோம்.

நாம் பிறந்தது இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைப் பகுதியில். வீட்டு வாசலில் நின்றால் கடல் இரையும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தக் கடல் ஊருக்குள் வந்தபோது நமக்கு ஆறு வயது. உம்மா நம்மை இடுப்பில் தூக்கிக்கொண்டு வயல் பக்கமாக ஓடியதும், உம்மாவின் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்ததும் நினைவில் இருக்கின்றன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் அன்று போயின. பின்னர் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாதென்று அரசு அறிவித்தது. எங்கள் வீடுகளில் அதற்கும் மேலான ஒரு சட்டம் எழுதப்படாமலே நடைமுறைக்கு வந்தது: பிள்ளைகள் கடற்கரைக்குப் போகக் கூடாது. நாம் வளர்ந்து, ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறும்வரை, 'வெளி' என்ற சொல்லோடு அச்சம் என்ற சொல்லும் சேர்ந்தே நம் மனத்தில் குடியிருந்தது.

ஆசிரியப் பயிற்சி பெறத் திருச்சிராப்பள்ளிக்கு வந்தோம். தமிழ் பேசும் ஊர்தானே, அயல்நாடு என்ற எண்ணம் எப்படி வரும் என்று புறப்படும்போது நினைத்தோம். வந்த முதல் வாரத்திலேயே அந்த நினைப்பு உடைந்தது. பயிற்சிக்காக நம்மை அனுப்பிய பள்ளி பாலக்கரைப் பக்கம் இருந்தது. பிள்ளைகளில் பாதிப்பேர் நம் சமுதாயத்தவர். அவர்கள் 'அத்தா' என்றார்கள்; நாம் 'வாப்பா' என்றோம். "கொப்பியை எடுங்கள்" என்றபோது ஏழாம் வகுப்பு முழுவதும் சிரித்தது. அவர்களுக்கு அது நோட்டு. "பள்ளிக்குப் போகும் வழி" என்று ஒரு சிறுவன் சொன்னதைத் தொழுகைக்குப் போகும் வழியென்று எண்ணி, "எந்தப் பள்ளி?" என்று நாம் கேட்க, அவன் தான் நின்றிருந்த கட்டடத்தையே விரலால் காட்டினான். சொற்கள் ஒன்றாயிருந்தும் அவை சுட்டும் பொருள்கள் இடம் மாறியிருந்தன. ஊரும் அப்படித்தான் இருக்கும் என்று அப்போதே நாம் உணர்ந்திருக்க வேண்டும், உணரவில்லை.

பயிற்சிக் கல்லூரியில் திறந்தவெளிக் கல்வி பற்றிப் பாடம் நடந்தது. 1901இல் தாகூர் சாந்திநிகேதனத்தில் மரநிழலில் பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்ததையும், 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலையும் மண்ணையும் கல்வியின் நடுவே வைக்கச் சொன்னதையும், 1941இல் கூர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளர் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்னும் கடற்கரையூரில் இளம் கடலோடிகளுக்குத் துணிவும் தாங்குதிறனும் பழக்கும் பள்ளி தொடங்கியதையும் படித்தோம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் புத்தகப் பையில்லாத பத்து நாட்கள் வேண்டும் என்று கூறுவதையும் குறித்துக்கொண்டோம். குறிப்புகள் நிரம்பின. தாகூருக்குத் தம் மரங்கள் தெரியும். அபர்டோவியில் கற்பித்தவர்களுக்குத் தம் கடல் தெரியும். நமக்கு எது தெரியும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் வெளிப்பாடத்தை 2022 ஜூன் மாத இறுதியில் மலைக்கோட்டையில் நடத்தினோம். ஊரின் நடுவே 83 மீட்டர் உயரம் நிற்கும் ஒற்றைப் பாறை அது. நானூறுக்கு மேற்பட்ட படிகள். அடிவாரத்தில் காலணிகளை விட்டுவிட்டு, சந்நிதிகளுக்குள் செல்லாமல், படிவழியே பிள்ளைகளுடன் ஏறினோம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் என்ற பல்லவ மன்னன் குடைவித்த மேற்குகை வழியில் இருக்கிறது. கல்லில் வெட்டிய எழுத்துகளைத் தடவிப் பார்க்க ஆசைப்பட்ட பிள்ளைகளைத் தடுத்து, ஆயிரத்து நானூறு ஆண்டு எழுத்தை நம் விரல் வியர்வை ஓராண்டில் அழித்துவிடக் கூடாது என்று சொன்னோம். உச்சியில் வெயிலில் காய்ந்த பாறை பாதங்களைச் சுட்டது. நிழல் இருந்த இடத்தில் நின்றுகொண்டு, நான்கு திசைகளையும் பார்த்து நோட்டில் படம் வரையச் சொன்னோம்.

அங்கிருந்து பார்த்தால் திருச்சி ஓர் விரித்த வரைபடம். வடக்கே காவிரி, அதற்கப்பால் தென்னைகளின் நடுவே திருவரங்கத்தின் இராஜகோபுரம், அதற்கும் அப்பால் வெண்மணல் கோடாகக் கொள்ளிடம். அருகிலே லூர்து அன்னை ஆலயத்தின் கூரிய கோபுரம். நகரத்துக் கூரைகளுக்கிடையே நத்ஹர் வலி தர்கா இருக்கும் திசை. தென்கிழக்கே பொன்மலை ரயில்வே பணிமனைப் பக்கம். பாலக்கரைப் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தெருவைத் தேடினார்கள். ஒரு சிறுமி மட்டும் வீட்டைத் தேடாமல் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றாள். "டீச்சர், காவிரியில் தண்ணீர் போகிறது, பக்கத்திலேயே இருக்கிற கொள்ளிடம் ஏன் காய்ந்து கிடக்கிறது? இரண்டும் ஒரே ஆறு என்று புத்தகத்தில் இருக்கிறதே?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி கேட்கும் மாணவி கிடைத்தால் பயிற்சி ஆசிரியருக்கு மகிழ்ச்சி தலைக்கேறும். நமக்கும் ஏறியது. கொள்ளிடத்து மணலிலேயே இதற்கு விடை சொல்வோம் என்று அங்கேயே அறிவித்துவிட்டோம். ஹஜ்ஜுப் பெருநாள் அவ்வாண்டு ஜூலை 10ஆம் நாள். பெருநாள் கழிந்த சனிக்கிழமை புறப்பாடு. மணலில் அணைக்கட்டு கட்டிப் பார்ப்பது, படிந்த வண்டலை அடுக்கடுக்காகத் தோண்டிப் பார்ப்பது, ஓட்டப் பந்தயம், பகலுணவு எனத் திட்டம் தாளில் அழகாக அமைந்தது. பள்ளி சம்மதித்தது. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய தாள்கள் வீடுகளுக்குப் போயின.

எல்லாத் தாள்களும் திரும்பின, ஒன்று தவிர. கேள்வி கேட்ட சிறுமியின் தாள் வரவில்லை. "அத்தா வேண்டாம் என்கிறார்" என்று தலைகுனிந்து சொன்னாள்.

அந்தக் கணத்தில் நம் மனத்தில் தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறோம். 'பெண் பிள்ளையாயிற்றே, அதுதான் காரணம்' என்று எண்ணினோம். அறிவுள்ள பெண்ணை வீட்டுக்குள் பூட்டுகிறார்கள் என்று கோபம் வந்தது. கடல் கடந்து தனியாகப் படிக்க வந்த பெண் நாம். நம்மைக் காட்டியே அந்தத் தகப்பனாருக்குப் புத்தி சொல்லிவிடலாம் என்ற இறுமாப்பும் வந்தது. மாலை அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

காந்தி மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்கும் இடத்தில் கணக்கெழுதுபவர் அவர். ஸலாம் சொல்லி நாற்காலி தந்தார். சிறுமியின் நன்னி தேநீர் கொண்டுவந்து வைத்தார். திறந்தவெளிக் கல்வியின் பெருமைகளை நாம் விரிவாக எடுத்துரைத்தோம். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிவில் மெதுவாகக் கேட்டார்:

"எல்லாம் சரிதான் டீச்சர். ஆற்றை உங்களுக்குத் தெரியுமா?"

நாம் விடை சொல்லத் தெரியாமல் இருந்தோம். அவரே தொடர்ந்தார்: "மலைக்கோட்டைக்குக் கேட்டீர்கள், மறுபேச்சில்லாமல் அனுப்பினேன். மகள் படிக்கட்டும் என்றுதான் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் என்னோடு படித்தவன் ஒருவன் அந்த மணலில்தான் போனான். முழங்கால் தண்ணீர் என்றுதான் நாங்களும் இறங்கினோம். அவன் நின்ற இடத்தில் மட்டும் ஆள் ஆழம். நீங்கள் வெளியூர். நாற்பது பிள்ளைகளை எந்த இடத்தில் இறக்குவீர்கள்? தண்ணீர் வந்தால் எந்தப் பக்கம் ஏற்றுவீர்கள்?"

நாம் கொண்டுபோயிருந்த குறிப்புகளில் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை இல்லை. நன்னிதான் நம்மைக் காப்பாற்றினார். "நீ முதலில் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வா, கண்ணு. அங்கே இருக்கிறவர்களைக் கேள். அதற்குப் பிறகு வந்து அவனிடம் கையெழுத்து கேள்" என்றார்.

வெட்கத்துடன் எழுந்து வந்தோம். அந்த மனிதர் மகளைப் பூட்டவில்லை. நாம்தான் அவருடைய கேள்வியைக் கேட்கும் முன்பே நம் மனத்தைப் பூட்டி வைத்திருந்தோம்.

அடுத்த ஞாயிறு சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கம் போய், அங்கிருந்து தீவின் வடகரைக்கு நடந்தோம். கண்ணுக்கெட்டியவரை மணல். இங்கே எந்த ஆபத்து என்று மீண்டும் மனம் வாதாடியது. கரையில் கவிழ்த்து வைத்திருந்த பரிசலின் நிழலில் ஒரு பெரியவர் வலை முடைந்துகொண்டிருந்தார். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவர எண்ணுவதாகச் சொன்னோம். வலையை வைத்துவிட்டு எழுந்து, "நான் மிதிக்கிற இடத்திலேயே மிதித்து வா, தாயி" என்று முன்னே நடந்தார்.

இருநூறு அடி போயிருப்போம். நீண்ட கோலை மணலில் ஊன்றினார். அது உறுதியாக நின்றது. இன்னும் பத்தடி தள்ளி ஊன்றினார். கோல் பாதிக்கு மேல் உள்ளே போனது. "மணல் அள்ளின குழி. வெள்ளம் வந்து தூர்த்துவிட்டுப் போயிருக்கிறது. மேலே பார்க்க ஒன்றுபோல இருக்கும். உள்ளே சேறு" என்றார். பின்பு மேற்கே தெரிந்த இரும்புப் பாலத்தைக் காட்டினார். 1928இல் கட்டப்பட்ட பழைய கொள்ளிடப் பாலம் அது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்து ஒரு பகுதி ஆற்றோடு போனது. அதே மாதம் 22ஆம் நாள் முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. "இந்த மணல்தான் அன்றைக்கு அந்தத் தண்ணீரைச் சுமந்தது. மணலைப் பார்த்து ஆற்றை எடை போடாதே" என்றார் பெரியவர்.

சிறுமி கேட்ட கேள்விக்கான விடையையும் அவரே சொன்னார். அவர் தம் பேச்சில் சொன்னதை நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்து இங்கே எழுதுகிறோம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரோடு தஞ்சை வயல்களை நோக்கிப் போகிறது, வடகிளை கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே திருவரங்கம் தீவு. கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையை விடத் தாழ்ந்தது. ஆகவே தடுப்பில்லாவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே சாயும். அப்படிச் சாய்ந்து காவிரி தூர்ந்துபோக, தஞ்சை வயல்கள் காயத் தொடங்கிய காலத்தில், 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். கீழே இரு கிளைகளும் மீண்டும் நெருங்கும் இடத்தில், அதற்குப் பதினாறு பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்பே கரிகாலன் கட்டியதாக மரபு கூறும் கல்லணை நிற்கிறது. பாசன நீர் காவிரியில் ஓடும். மிகுந்த வெள்ளம் கொள்ளிடத்தில் கடலுக்குப் போகும். ஆகவே கொள்ளிடம் காய்ந்து கிடப்பது அது செத்துப்போனதால் ஆகாது. வெள்ளத்துக்காக ஒதுக்கி வைத்த வழி அது, காத்துக்கொண்டிருக்கிறது. 120 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் மேட்டூர் அணை நிரம்பினால், இந்த ஊரில் ஒரு துளி மழை இல்லாத வெயில் நாளிலும் இங்கே வெள்ளம் வரும்.

"மழை இங்கே பெய்யாது, தாயி. எங்கேயோ குடகில் பெய்யும். தண்ணீர் இங்கே வரும். சத்தம் போட்டுக்கொண்டு வராது" என்று அவர் சொன்னபோது, வெயிலில் நின்றிருந்த நமக்கு உடல் குளிர்ந்தது. கல்முனையில் அன்று காலையும் வானம் தெளிவாகத்தான் இருந்தது. எங்கோ சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அசைந்தது. வெள்ளம் எங்கள் முற்றத்துக்கு வந்தது.

பெருநாள் வந்தது. விடுதியில் தனியாக இருந்த நமக்கு நன்னி வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. அந்நாட்களில் நம் நாட்டில் எரிபொருள் இன்றிப் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. உம்மா தொலைபேசியில் எரிவாயுவுக்குக் காத்திருக்கும் வரிசைகளைப் பற்றியே பேசினார். பெருநாள் கழிந்து அதே வாரத்தில், கர்நாடகத்தில் பெய்த மழையால் மேட்டூர் நிரம்பியது. விநாடிக்கு இலட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. நாம் பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்த மணலைப் பார்க்கப் பாலத்துக்குச் சென்றோம். மணலும் இல்லை, பரிசல் கவிழ்ந்திருந்த இடமும் இல்லை. கரையோடு கரை செந்நீர். அதில் ஒரு முழு வாழைமரம் வேரோடு மிதந்து போயிற்று.

பயணத்தை நாம் முன்பே தள்ளிவைத்துவிட்டோம்; தள்ளிவைக்காவிட்டாலும் அன்று யாரும் நம்மை ஆற்றில் இறங்க விட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் வெள்ளம் ஒரு வாரம் முன்னே வந்திருந்தால், நாம் ஒரு வாரம் முன்னே புறப்பட்டிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம்.

அன்றிரவு 2004ஆம் ஆண்டைப் பற்றி நாம் வாசித்திருந்த இரு செய்திகள் நினைவுக்கு வந்தன. இந்தோனேசியாவின் சிமெலு தீவு, நிலநடுக்கம் நிகழ்ந்த இடத்துக்கு மிக அருகில் உள்ளது. 1907இல் அங்கே ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டுபோயிருந்தது. நிலம் பெரிதாக அசைந்தால் குன்றுக்கு ஓடு என்று பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். 'ஸ்மோங்' என்று அதற்கொரு பெயரும் உண்டு. 2004இல் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர் ஏழு பேரே. மற்றொரு செய்தி, டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமியைப் பற்றியது. இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்திருந்த அறிகுறிகளைத் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் கண்டுகொண்டு, பெற்றோரை எச்சரித்தாள். கரையில் இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். ஓரிடத்தில் காப்பாற்றியது பாட்டியின் சொல். மற்றோரிடத்தில் வகுப்பறைப் பாடம். எங்கள் ஊரில் அன்று இரண்டுமே இருக்கவில்லை. கடலோரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் நாங்கள். அந்த அலைக்கு ஒரு பெயர் இருக்கிறதென்றுகூட எங்களில் பெரும்பாலோர் அறிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகும் கற்பதற்குப் பதிலாகப் பிள்ளைகளைக் கரையிலிருந்து விலக்கி வைத்தோம். அச்சத்தால் கண்ணை மூடிக்கொள்வதும் அறியாமையால் மணலில் இறங்குவதும் ஒரே ஆபத்தின் இரண்டு வாசல்கள் என்று அன்று பட்டது.

நம் பயிற்சிக் காலம் முடியும் தறுவாயில், 2023 ஜனவரியில், பொங்கல் விடுமுறைக்குப் பின் ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளுடன் மறுபடி புறப்பட்டோம். இம்முறை கொள்ளிடத்து மணலை விட்டு, திருவரங்கம் மேலூரில் 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தேர்ந்தோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள வனநிலம் அது. இரண்டு முறை தனியாகப் போய் வழி, நிழல், தண்ணீர், கழிப்பிடம் எல்லாம் பார்த்து எழுதிவைத்தோம். பின்னர் அந்தத் தாளுடன் அதே வீட்டுக்குப் போனோம். தகப்பனார் முழுவதையும் வாசித்தார். "நானும் வரலாமா?" என்று மட்டும் கேட்டார். நன்னி அதைக்கூடக் கேட்கவில்லை. காலையில் புர்காவை மாட்டிக்கொண்டு வண்டியில் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். 1976இல் கட்டிய காவிரிப் பாலம் அப்போது பழுதுபார்ப்புக்காக மூடியிருந்ததால், நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்றிப் போனோம்.

அன்று பாடம் நடத்தியவர் நன்னிதான். எருக்கஞ்செடி இலையில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு போட்ட புழுவொன்றைப் பிள்ளைகள் கண்டு கூச்சலிட்டனர். "எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும், இதை மட்டும் அது ஒன்றும் செய்யாது" என்றார் நன்னி. நாம் புத்தகத்திலிருந்து அறிந்ததை அதனோடு சேர்த்துச் சொன்னோம்: வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. அந்த நஞ்சைத் தன் உடலிலேயே சேர்த்துவைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தின்ன அஞ்சும். வளர்ந்து பறக்கும்போதும் அந்தக் காவல் அதனுடன் போகும். கறிவேப்பிலைச் செடியைக் கண்டதும், வீட்டுத் தொட்டியில் அந்தச் செடியைத் தின்னும் பச்சைப் புழுக்களைத் தாம் இத்தனை நாள் நசுக்கிப் போட்டதை நன்னி நினைத்துப் பார்த்தார். "அது இதுவாகவா ஆகும்?" என்று கறுத்த சிறகில் வெள்ளைப் புள்ளிகளுடன் பறந்த ஒன்றைக் காட்டிக் கேட்டார். ஆம் என்றோம். "அல்லாஹ்! எத்தனை நசுக்கினேன்!" என்று வாயில் கை வைத்தார். அந்த இனத்தின் பெண்களில் சில, ஆடுதின்னாப்பாளை தின்று வளரும் நச்சு வண்ணத்துப்பூச்சியைப் போலவே உருக்கொண்டு பகையிடமிருந்து தப்புகின்றன என்று நாம் சொன்னதை, அந்தச் சிறுமி நோட்டில் எழுதாமல் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழ்நாடு 2019இல் 'தமிழ் மறவன்' என்ற வண்ணத்துப்பூச்சியை மாநிலச் சின்னமாக அறிவித்ததைச் சொன்னபோது ஆண்பிள்ளைகள் கைதட்டினர்.

மகளுக்குச் சற்றுத் தள்ளி நின்ற தகப்பனார், உணவுக்குப் பின் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார். நாம் கேட்காமலே, தம்முடன் படித்து ஆற்றில் போன தோழனைப் பற்றிச் சொன்னார். பின்பு ஒரு குச்சியால் தரையில் இரண்டு கோடுகள் இழுத்து, எது காவிரி, எது கொள்ளிடம், முக்கொம்பு எங்கே, தண்ணீர் எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று விளக்கினார். மலைக்கோட்டையில் மகள் கேட்ட கேள்விக்கு அவரே விடை சொன்னார். அவள் அத்தாவின் முகத்தைப் பார்த்த பார்வையை நாம் மறக்கமாட்டோம். மூட்டைக் கணக்கு எழுதுபவர் என்று மட்டும் அவள் அறிந்திருந்த மனிதர் அன்று ஆசிரியராக நின்றார்.

திரும்பும் வழியில் திருவரங்கத்துத் தெருக்களைக் கடந்தோம். கோயிலின் ஏழு சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் வீடுகளும் கடைகளும் நிறைந்த வீதிகளே. முந்நூறாண்டுகளுக்கு மேல் மொட்டையாக நின்று, 1987இல் பதின்மூன்று நிலைகளுடன் நிறைவுற்ற இராஜகோபுரத்தின் கீழே வண்டி நின்றது. 72 மீட்டர் உயரத்தை அதன் நிழலை அளந்து கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு சிறு கணக்கு நடந்தது. இந்தக் கோயிலில் ஒரு சுல்தானின் மகள் துலுக்க நாச்சியார் என்ற பெயரில் நினைவு கூரப்படுவதையும், அவளுக்காக ரொட்டி படைக்கும் வழக்கம் இருப்பதையும் வண்டி ஓட்டுநர் சொல்ல, பிள்ளைகள் வியந்து கேட்டனர். ஆற்றுக்கு இக்கரையில் பிறந்த அப்பிள்ளைகளில் பலர் அக்கரைத் தெருவில் அன்றுதான் முதன்முதல் கால் வைத்தார்கள். அயல்நாடு என்பதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை என்பதையும் கண்டுகொண்டோம்.

திருமறையின் அல்காஷியா அத்தியாயத்தில், ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் பூமியையும் பார்த்துச் சிந்திக்குமாறு மனிதன் அழைக்கப்படுவது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்ததே. அந்தப் பட்டியலில் ஒட்டகம் முதலில் நிற்பதை நாம் திருச்சியிலிருந்து திரும்பிய பிறகுதான் நின்று கவனித்தோம். பாலைநிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வாசலில் கட்டியிருந்த பிராணி அது. தொலைவிலுள்ள அதிசயத்துக்கு முன்னால், தினமும் கண்டும் காணாமல் இருக்கும் பொருளின் மேல் கண் திருப்பப்படுகிறது. பாலக்கரைப் பிள்ளைக்கு அது ஆறு. நன்னிக்குக் கறிவேப்பிலைத் தொட்டி. கல்முனைப் பிள்ளைக்குக் கடல்.

இப்போது நாம் நம் ஊரில் கற்பிக்கிறோம். கடந்த ஆண்டு பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போக விரும்பியபோது, தாள் அனுப்புமுன் கரைவலை இழுக்கும் மூத்தவர் ஒருவரிடம் மூன்று மாலைகள் போய் உட்கார்ந்தோம். எந்த மாதத்தில் கடல் கரையை அரிக்கும், எந்த இடத்தில் நீரோட்டம் காலை வாரும், எந்த வழி மேட்டுக்கு விரைவாகப் போகும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். பிறகே தாள்களை அனுப்பினோம். சில வீடுகளிலிருந்து அவை திரும்பவில்லை. நமக்குக் கோபம் வரவில்லை. அந்த வீடுகளில் 2004இல் பிள்ளைகளை இழந்தவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு வீடாகப் போனோம்; பேசுவதற்காக அல்லாமல் கேட்பதற்காகப் போனோம். இரண்டு தாய்மார் கூடவே வருவதாகச் சொன்னார்கள். ஒருவர் இன்னும் சம்மதிக்கவில்லை. அவருடைய மகனுக்காக அந்தப் பாடத்தை வகுப்பறையில் மறுபடி நடத்தினோம்.

பெற்றோரிடம் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. ஆசிரியர் தாளை நீட்டும்போது, குறிப்பாக உங்கள் பெண்மக்களின் தாளை, படிக்காமல் மறுக்கவும் வேண்டாம். படிக்காமல் கையெழுத்திடவும் வேண்டாம். அந்தத் தகப்பனார் கேட்டதைக் கேளுங்கள். விடை தெரியாத ஆசிரியரைத் திருப்பி அனுப்புங்கள். தெரிந்துகொண்டு வருபவருடன் பிள்ளைகளை அனுப்புங்கள். இயன்றால் நீங்களும், வீட்டுப் பெரியவர்களும் கூடப் போங்கள். உங்களிடம் இருக்கும் பாடம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

பாலக்கரையிலிருந்து அந்தச் சிறுமி சென்ற மாதம் குரல் அனுப்பியிருந்தாள். மேல்நிலை வகுப்பில் புவியியல் எடுத்திருக்கிறாளாம். மேட்டூர் நிரம்பியிருக்கிறது, கொள்ளிடத்துக்குப் போகவேண்டாம் என்று தெருப் பிள்ளைகளுக்கு அத்தா வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். பின்னணியில் நன்னியின் குரலும் கேட்டது. கறிவேப்பிலைத் தொட்டியில் புழு வந்திருக்கிறது, யாரும் தொடாதீர்கள் என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.